பழைய சீக்கோ 5 ஆட்டோமெட்டிக்: டயலுக்குப் பெயின்ட் அடிப்பதா, அப்படியே விடுவதா?

கொட்டகலை மூடுபனி:

எல்லாருக்கும் வணக்கம். பழைய வாட்ச் சேர்க்கிறவர்களிடம் ஒரு விஷயத்தில் கருத்துக் கேட்கத்தான் இந்த இழை.

ஒரு சீக்கோ 5 கைக்கு வந்திருக்கிறது, கை அசைவிலேயே தானாக முறுகும் ஜப்பான் வாட்ச். உள்ளே 6119 என்ற இலக்கமுள்ள மெஷின், அச்சுகள் தேயாமல் தாங்கும் கல் 21. பின்மூடியில் தொடர் இலக்கம் 1 என்று தொடங்குகிறது, அடுத்து ஆங்கில ஓ எழுத்து. அந்தக் கால சீக்கோவில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். செப்டெம்பர் வரை எண் வரும். அதற்கப்புறம் ஒக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு அந்தந்த மாதத்தின் ஆங்கில முதல் எழுத்து. 6119 மெஷின் 60களின் கடைசியில் வந்து 70களோடு போய்விட்டது. ஆகவே 61ஆ, 81ஆ என்று குழம்ப இடமில்லை. 1971 ஒக்டோபரில் செய்தது.

கேள்வி டயலைப் பற்றியது என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வெள்ளி நிற டயல். நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் விரியும் மெல்லிய கதிர்க்கோடுகள் இன்னும் அழியவில்லை. யன்னல் பக்கம் சாய்த்தால் வெளிச்சம் இரண்டு பட்டையாகப் பிரிந்து டயலைச் சுற்றி வருகிறது. ஓரங்கள் மட்டும் பழுத்து, பாலில்லாத தேத்தண்ணி ஆறிப்போன மாதிரி ஒரு மஞ்சள் ஏறியிருக்கிறது. 7 மணிக்குப் பக்கத்தில் கடுகைவிடச் சின்னதாக நாலைந்து புள்ளிகள், ஈரம் ஏறிய தடம். மணிக்கோடுகள் அச்சடித்தவை அல்ல, உலோகத்தில் தனித்தனியாக வெட்டிப் பதித்தவை. அவற்றின் முனை இன்னும் மழுங்கவில்லை. 6 மணிக்குக் கீழே விளிம்போரம், லென்ஸ் வைத்தால் மட்டும் படிக்கக்கூடிய டயல் இலக்கம் இருக்கிறது. அதுவும் 6119 என்றே தொடங்குகிறது, பின்மூடியோடு ஒத்துப்போகிறது.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். "டயலைக் கழற்றிப் புதுசாப் பெயின்ட் பண்ணி, கேஸையும் பொலிஷ் போட்டுத் தாறேன், புது வாட்ச் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த வாட்சுக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் வயது, அந்த வயது தெரிவதுதான் இதன் அழகு. புது வாட்ச் வேண்டுமென்றால் புதுசே வாங்கிவிடலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதுளை ரோட்டர்:

தொடாதீங்க அண்ணே. சேர்க்கிறவனுக்கு ஒரு வாட்சில் முதல் பார்வை போவது டயலுக்குத்தான். கண்ணாடி மாற்றலாம், சாவி (பக்கத்தில் திருகுகிற குமிழ்) மாற்றலாம், மெஷினில் உடைந்த சாமானுக்கு இன்னொரு செத்த வாட்சிலிருந்து எடுத்துப் போடலாம். டயலில் தொழிற்சாலை அடித்த அந்த முதல் பூச்சு போனால் போனதுதான்.

இந்தியாவில் பெயின்ட் அடித்துத் திரும்ப விற்கப்படும் சீக்கோ 5கள் இணையம் முழுக்கக் குவிந்து கிடக்கின்றன. பம்பாய் டயல் என்று சேர்க்கிறவர்கள் சொல்வது அதைத்தான். கடும் ஒரேஞ்ச், கடும் நீலம், பாதி சிவப்பு பாதி கறுப்பு என்று அந்தந்த மாடலுக்குச் சீக்கோ ஒருபோதும் செய்யாத நிறமெல்லாம் வரும். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்களுக்காக, நான் எதையெல்லாம் பார்ப்பேன் என்று சொல்கிறேன்.

முதலில் திகதி, கிழமை தெரிகிற அந்தச் சின்னச் சதுர யன்னல். அதன் விளிம்பில் பெயின்ட் தடித்து உருண்டு நின்றால் மேலே ஒரு பூச்சு ஏறியிருக்கிறது. அப்புறம் நிமிடக் கோடுகள். ஒரிஜினல் டயலில் ஒவ்வொரு ஐந்தாவது நிமிடக் கோடும் பதித்த மணிக்கோட்டின் நடுவுக்கு நேராக வந்து நிற்கும். திரும்ப அச்சடித்ததில் ஒரு பக்கம் சரியாக இருந்தால் எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை விலகும். எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கும். கடைசியாக, நீங்கள் சொன்ன அந்தக் குட்டி இலக்கம். அது இல்லாவிட்டாலோ, மெஷினுக்குச் சம்பந்தமில்லாத இலக்கமாக இருந்தாலோ கேள்வி கேட்க வேண்டும். ஒன்று மட்டும் கவனம்: முதல் நாலு இலக்கமும் மெஷினோடு ஒத்துப்போனால் போதும். பின்னால் வரும் இலக்கம் கேஸில் ஒன்றாகவும் டயலில் கொஞ்சம் மாறியும் வருவது சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து நல்ல வாட்சைக் கைவிட்டவர்கள் உண்டு.

உங்கள் வாட்சில் இதெல்லாம் சரியாக இருக்கிறது. அந்த நாலைந்து புள்ளிக்காக இவ்வளவையும் அழிப்பது பாவம்.

கண்டி மேசை லென்ஸ்:

நான் திருத்துகிற ஆள். ஆகவே டயலை விட்டு உள்ளே போகிறேன். டயல் விஷயத்தில் பதுளைத் தம்பி சொன்னதுதான் என் பேச்சும்.

6119 மெஷினைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? ரோட்டரை, அதாவது கை ஆட்டத்தில் சுற்றும் எடைத்தகட்டை, கழற்றி உள்ளே பார்த்தால் கவட்டைக் கொம்பு வடிவத்தில் ஒரு மெல்லிய தகடு தெரியும். மேஜிக் லீவர் என்று பெயர், சீக்கோ 1959இல் கொண்டுவந்தது. அந்தக் கொம்பின் இரண்டு நுனியும் ஒரு பற்சில்லை இரண்டு பக்கத்திலிருந்தும் பிடித்துக்கொண்டிருக்கும். கை ஆடும்போது ரோட்டர் சுற்றுகிறது. அது சுழற்றும் சில்லில் மையத்துக்கு விலகி ஒரு முளை இருக்கிறது, லீவர் அதில்தான் மாட்டியிருக்கிறது. ஆகவே ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் லீவர் முன்னும் பின்னும் போய் வரும். முன்னே போகும்போது ஒரு நுனி பல்லைத் தள்ளும், பின்னே வரும்போது மற்ற நுனி பல்லை இழுக்கும். இரண்டிலும் சில்லு ஒரே திசையில்தான் நகரும். கை இடப்பக்கம் போனாலும் வலப்பக்கம் போனாலும் ஸ்பிரிங் முறுகிக்கொண்டே இருக்கும். இவ்வளவு வேலையையும் ஒரு தகடும் இரண்டு சில்லும் முடித்துவிடுகின்றன. சுவிஸ்காரர்கள் பலர் அதே வேலைக்குத் திசை மாற்றும் சில்லுகளை அடுக்கிவைத்தார்கள். அதுவும் அருமையான வேலைதான், ஆனால் அழுக்கு ஏறினால் முதலில் மக்கர் பண்ணுவது அந்த இடம். எண்ணெய் காய்ந்து, வருஷக்கணக்கில் சேர்விஸ் பார்க்காத சீக்கோவும் தோட்டத்தில் ஓடிக்கொண்டிருப்பதற்கு இந்தக் கொம்பு ஒரு பெரிய காரணம்.

ஓடுகிறதே என்று விட்டுவிடக்கூடாது. காய்ந்த எண்ணெயோடு ஓடும் வாட்ச் தன் அச்சுகளைத் தானே தின்கிறது. சேர்க்கிறவர்கள் செலவழிக்க வேண்டியது அங்கேதான். கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு, தேவைப்பட்டால் வாட்சை ஓட்டும் மெயின்ஸ்பிரிங்கையும் மாற்றி, அந்த அளவில் நிறுத்துங்கள்.

இன்னொரு விஷயம். இந்த மெஷினுக்குச் சாவி கொடுக்க முடியாது, சாவியைத் திருகினால் ஒன்றும் ஏறாது. பழகாதவர்கள் பலமாகத் திருகிப் பார்ப்பார்கள். வாட்சைக் கிடையாகப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டினால் போதும், ஓடத் தொடங்கும். அப்புறம் கையில் கட்டிக்கொள்ளுங்கள். நிறைய முறுகினால் 40 மணித்தியாலம் தாங்கும். சாவியை உள்ளே லேசாக அழுத்தினால் திகதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை அதை அழுத்தாதீர்கள். அந்த நேரத்தில் திகதி மாற்றும் பற்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கும், அழுத்தினால் முறியும்.

மஸ்கெலியா வாசகி:

எல்லாரும் டயலைத் தொடாதே என்கிறீர்கள். எனக்கு வேறு கதை இருக்கிறது, கேளுங்கள் அண்ணாமார்.

எங்கள் அப்பா 80களில் குவைத் போனார். வரும்போது கையில் ஒரு சீக்கோ 5. 7009 மெஷின், 17 கல், நீல டயல். தோட்டத்துக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியதை எங்கள் லயத்தில் இன்னும் சொல்வார்கள். அப்பா போன பிறகு வாட்ச் அலுமாரியில் கிடந்தது. கூரைத் தகரம் ஒழுகி, அலுமாரியும் நனைந்து, வாட்சுக்குள்ளும் தண்ணீர் போய்விட்டது. டயலில் பாதி நீலம் உரிந்து பித்தளை தெரிகிறது. இலக்கமும் இல்லை, எழுத்தும் பாதி இல்லை. முள் இரண்டும் துரு.

இதையும் அப்படியே வைத்துக்கொள்ளவா? எனக்கு அதில் நேரம் பார்க்க வேண்டும். அப்பா பார்த்த மாதிரி நானும் பார்க்க வேண்டும். விற்கிற எண்ணம் துளியும் இல்லை.

பதுளை ரோட்டர்:

அக்கா, உங்களுடையது வேறு விஷயம். பித்தளை தெரிகிற அளவுக்குப் போன டயலில் பாதுகாக்க ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் பெயின்ட் வேண்டாம். 7009 கணக்கில்லாமல் செய்யப்பட்ட மெஷின், நம் நாட்டிலும் வளைகுடாவிலிருந்து வந்தது ஏராளம். கேஸ் உடைந்த, மெஷின் போன 7009 ஒன்றில் நல்ல ஒரிஜினல் நீல டயல் கிடைக்கும். அதைத் தேடிப் போடுங்கள். பழைய டயலை வீசாமல் ஒரு சின்ன டப்பாவில் போட்டு, வாட்சோடு சேர்த்தே வையுங்கள். நாளைக்கு உங்கள் பிள்ளை கையில் அது போகும்போது இரண்டும் சேர்ந்து போகட்டும்.

ஒன்று செய்து பாருங்கள். கிழமையை மெல்ல மாற்றிக்கொண்டு போனால் ஆங்கிலத்துக்கு இடையில் இன்னொரு மொழி வரும். சீக்கோ கிழமைத் தட்டில் பெரும்பாலும் இரண்டு மொழி அச்சடித்திருக்கும், எந்தச் சந்தைக்குப் போகிறதோ அந்த மொழி. உங்களுடையதில் என்ன வருகிறது?

மஸ்கெலியா வாசகி:

அரபு வருகிறது தம்பி! இவ்வளவு நாளும் அதைப் பார்த்ததே இல்லை. அப்பா ஆங்கிலத்தில் வைத்தே கட்டியிருக்கிறார்.

பதுளை ரோட்டர்:

அப்போ அது வளைகுடாச் சந்தைக்கென்றே செய்த வாட்ச். அப்பா அங்கே வாங்கியதற்கு அந்தத் தட்டே சாட்சி. டயல் மாற்றினாலும் கிழமைத் தட்டை மாற்ற விடாதீங்க அக்கா. திருத்துகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கொட்டகலை மூடுபனி:

வாசகி அக்கா கேட்டது நியாயமான கேள்வி. சேர்க்கிறவன் பார்வையும் பிள்ளையின் பார்வையும் ஒன்றல்ல. நான் வாங்கிய வாட்ச் யார் கையில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதில் இருக்கிற தடயங்கள் மட்டும்தான் எனக்குச் சொந்தம், அதனால்தான் ஒன்றையும் அழிக்க மனம் வரவில்லை. அக்காவுக்கு வாட்ச் யாருடையது என்று தெரியும். டயல் மாறினாலும் அது அப்பாவின் வாட்ச்தான்.

அக்கா சொன்னதும் நானும் என் வாட்சின் கிழமையை மாற்றிப் பார்த்தேன். என்னுடையதில் ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ். இது எப்படி மலைநாட்டுக்கு வந்தது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 1971இல் நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. 1977இல்தான் கதவு திறந்தது. கடையில் புதுசாக விற்ற வாட்சாக இது இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. கப்பலில் வேலை செய்த யாரோ கொண்டுவந்திருக்கலாம், பிற்காலத்தில் கைமாறி வந்திருக்கலாம். அது எனக்குத் தெரியாமலே இருக்கட்டும், தட்டில் ஸ்பானிஷ் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

டீமேக்கர் மகன்:

இந்த இழையை வாசித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். சீக்கோ 5தான் கட்டினார், இதே 6119. தொழிற்சாலையில் சுவர்க் கடிகாரம் இருந்தது, ஆனால் அவர் கணக்கு முழுக்கக் கையில்தான். ரோலரில் கொழுந்து போட்ட நிமிடத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்கும். சல்லடையில் சலித்து முதல் தூள் பிரிந்து வரும், மிச்சம் திரும்ப ரோலருக்குப் போகும், அடுத்து இரண்டாம் தூள். ஒவ்வொன்றையும் தனியாகப் பரப்பி, பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறும் வரை விடவேண்டும். எப்போது ட்ரையருக்குள் அனுப்புவது என்பதை மூக்கு சொல்லும், ஆனால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. குளிர்ந்த நாளில் ஒரு கணக்கு, வெயில் நாளில் ஒரு கணக்கு. கொஞ்சம் பிந்தினால் அந்தத் தூளில் உயிர் இருக்காது. அப்பா முழங்கையை மடக்கி, வாட்சை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்ப்பார். அவர் அப்படிப் பார்க்கும்போது பக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

அந்த வாட்ச் இப்போது என்னிடம். செயினின் மடிப்புகளுக்குள் தேயிலைத் தூள் ஏறிக் கெட்டியாகிவிட்டது, கறுப்பும் செம்மையும் கலந்த நிறம். ஊசியால் நோண்டினால் வாசம்கூட வரும். கேஸின் இடது மூலை தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. அவர் அந்தப் பக்கம்தான் ட்ரையரின் இரும்புக் கைபிடியைத் தள்ளுவார்.

அதைப் பொலிஷ் பண்ணித் தரவா என்று ஒருவர் கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன். காரணம் கேட்டார். எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. இங்கே மூடுபனி அண்ணன் எழுதியதைப் படித்ததும் தெரிகிறது. பொலிஷ் சக்கரத்தில் வைத்தால் முதலில் போவது அந்த மூலைதான்.

நேரத்தைப் பற்றி இன்னொரு ஞாபகம். 1996 மே மாதம் நாட்டின் நேரத்தையே ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள், ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு இழுத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் புது நேரம், பழைய நேரம் என்று இரண்டு ஓடியது. அப்பா சீக்கோவைப் பழைய நேரத்திலேயே விட்டுவிட்டார். வேலைக்கு மட்டும் மனதில் கூட்டிக் கணக்குப் பார்ப்பார்.

கண்டி ஐயாவிடம் ஒரு கேள்வி. வாட்ச் திடீரென்று ஒரு நாளைக்குப் பல நிமிடம் கூட ஓடுகிறது. சேர்விஸ் செய்து அதிக காலம் ஆகவில்லை. என்ன காரணமாக இருக்கும்?

கண்டி மேசை லென்ஸ்:

தம்பி, அப்பாவைப் பற்றி எழுதியதற்கு முதலில் நன்றி. செயினில் இருக்கிற தூளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

திடீரென்று பல நிமிடம் கூட ஓடினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தம். நேரத்தை அளக்க முன்னும் பின்னும் ஆடுகிற பேலன்ஸ் வீலின் நடுவில் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள் இருக்கிறது. அதில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் குட்டையான மாதிரி ஆகிவிடும், வாட்ச் வேகமெடுக்கும். ஸ்பீக்கர், மின்மோட்டார், போன் கவரில் இருக்கிற காந்தப் பூட்டு, இவற்றில் எதன் பக்கத்திலாவது வைத்திருக்கலாம். போனில் திசைகாட்டிச் செயலியைத் திறந்து வாட்சைக் கிட்டக் கொண்டுபோங்கள், முள் ஆடினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தம் இறக்கும் கருவி நல்ல கடைகளில் இருக்கும், ஒரு நிமிட வேலை. மெஷினைத் திறக்கவே தேவையில்லை. காந்தம் இல்லை என்றால்தான் திறந்து பார்க்க வேண்டும். ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டிருந்தாலும் இதே குணம் காட்டும்.

இந்த வயது சீக்கோ ஒரு நாளைக்கு இருபது, முப்பது செக்கன் முன்பின் ஓடினால் கவலைப்படாதீர்கள். அது நோயல்ல.

நுவரெலியா 1868 மீற்றர்:

எங்கள் ஊர் உயரமே என் பெயர். ஈரத்தைப் பற்றி எங்களைவிட யாருக்கு அனுபவம் இருக்கும்? இந்த இழையில் யாரும் அதைப் போதுமான அளவு பேசவில்லை.

மலைநாட்டில் பழைய வாட்சைக் கொல்வது அடியோ விழுதலோ அல்ல, ஈரம். சீக்கோ 5இன் பின்மூடியில் தண்ணீர் தாங்கும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அது 1971இன் ரப்பர் வளையத்துக்குச் சொன்ன வார்த்தை. அந்த ரப்பர் இப்போது தாராக உருகியிருக்கும், அல்லது தொட்டால் நொறுங்கும். புது வளையம் போடாத வரைக்கும் அந்த எழுத்தை நம்பாதீர்கள். புதுசு போட்டாலும் குளிக்கும்போது கழற்றிவிடுங்கள். இங்கே குளிர்ந்த காலையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்போம். குளிர்ந்த உலோகத்துக்குள் அந்த ஆவி நுழைந்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் முத்து முத்தாகப் பூக்கும். ஒரு தடவை பூத்தாலே கண்ணாடிக்கு உள்ளே ஈரம் வந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே திறந்து காயவைக்க வேண்டும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்கள், அது வேண்டாம். தூசியும் மாவும்தான் மிச்சம்.

ஈரம் முதலில் பிடிப்பது சாவித் தண்டை. அங்கேதான் துரு தொடங்கும். அப்புறம் டயலின் ஓரம். மூடுபனி அண்ணனின் 7 மணிப் புள்ளிகளும் இப்படித்தான் வந்திருக்கும். அவற்றை அழிக்க வேண்டியதில்லை, ஆனால் இனி வளராமல் பார்க்க வேண்டும். காற்று இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது மாற்றுவது என்று அதுவே காட்டும். தோல் வார் இருந்தால் கழற்றித் தனியாக வையுங்கள். இங்கே தோலில் பூஞ்சணம் ஏற மழைக்காலம்கூடத் தேவையில்லை. யன்னலோரத்தில், சீமெந்துச் சுவரில் ஒட்டி வாட்சை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல வைத்தியம் கட்டுவது. கைச்சூட்டில் இருக்கிற வாட்சில் ஈரம் தங்காது, எண்ணெயும் ஒரே இடத்தில் உறையாது. ஷோகேஸில் வைத்துப் பூட்டினவர்களின் வாட்சைவிட, மாதத்தில் சில நாளாவது கட்டினவர்களின் வாட்ச் நன்றாக இருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஹட்டன் ஸ்டேஷன் வீதி:

நான் புதுசு. சீக்கோ பற்றியே எல்லாரும் பேசுகிறீர்கள். சுவிஸ் ஆட்டோமெட்டிக்தானே பெரிசு? எங்கள் தாத்தாவிடம் ஒரு டிட்டோனி எயார்மாஸ்டர் இருக்கிறது. சித்தப்பாவிடம் ஒரு ராடோ. இரண்டில் எதைப் பத்திரப்படுத்துவது?

பதுளை ரோட்டர்:

இரண்டையும் தம்பி.

ஆட்டோமெட்டிக் என்ற எண்ணமே ஐரோப்பாவில் பிறந்தது. கைக்கடிகாரத்தில் அதைச் செய்து காட்டியவர் ஜோன் ஹார்வூட் என்ற ஆங்கிலேயர், 1920களில். அவருடையதில் எடைத்துண்டு முழு வட்டம் சுற்றாது, இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் முட்டித் திரும்பும். முழு வட்டம் சுற்றும் ரோட்டரை ரோலெக்ஸ் 1931இல் கொண்டுவந்தது. சீக்கோ 5 வந்தது 1963இல்தான். அந்த மரியாதை சுவிஸ்காரர்களுக்கு எப்போதும் உண்டு.

டிட்டோனி கிரென்சன் என்ற சுவிஸ் ஊரில் 1919இல் தொடங்கிய கம்பனி. டயலில் பூ இருக்கிறதா பாருங்கள், அதுதான் அதன் அடையாளம். ராடோவில் 12 மணிக்குக் கீழே ஒரு குட்டி நங்கூரம் இருக்கும். வாட்சைச் சாய்த்தால் அது தன்பாட்டில் ஆடித் திரும்ப வேண்டும். ஆடாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் டயலுக்கு யாரோ பெயின்ட் அடித்திருக்கலாம், அல்லது அழுக்கு ஏறியிருக்கலாம்.

சீக்கோவைப் பற்றி நாங்கள் கூடப் பேசுவதற்குக் காரணம் வேறு. உழைத்துச் சம்பாதித்தவன் வாங்கிக் கட்டக்கூடிய விலையில், முழு நம்பிக்கையோடு ஓடிய ஆட்டோமெட்டிக் அது. பெயரில் உள்ள 5 என்பது அவர்கள் வாங்குகிறவனுக்குக் கொடுத்த ஐந்து வாக்கு: தானாக முறுகும், கிழமையும் திகதியும் ஒரே யன்னலில் தெரியும், தண்ணீர் தாங்கும், சாவி 4 மணிப் பக்கம் ஒதுங்கிக் கையில் குத்தாமல் இருக்கும், கேஸும் செயினும் உழைக்கும். துரையின் கையில் இருந்ததைவிடக் கணக்கப்பிள்ளை கையில் இருந்த வாட்சில்தான் எனக்கு ஆர்வம்.

நுவரெலியா 1868 மீற்றர்:

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. தாத்தாவின் வாட்ச் 50களுக்குரியது என்றால், முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் மின்னும் பூச்சு இருந்தால், அதை வீட்டில் திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள். அந்தக் காலத்தில் ரேடியம் பூசினார்கள். மின்னுவது நின்றுவிட்டாலும் கதிர்வீச்சு நிற்காது, ரேடியத்தின் அரையாயுள் 1600 ஆண்டு. மூடிய வாட்சாக வைத்திருப்பது வேறு, அந்தத் தூள் மூக்கில் போவது வேறு. 60களில் டிரிட்டியம் வந்தது, சுவிஸ் டயலின் அடியில் சிறிதாக ஆங்கில டி எழுத்து இருக்கும். அது அவ்வளவு ஆபத்தில்லை.

இராகலை பழைய பெட்டி:

எனக்குச் சீக்கோவோடு எச்.எம்.டி.யும் சேர்க்கப் பிடிக்கும். 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய இந்திய அரசாங்கக் கம்பனி. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் தலைமன்னாரில் கப்பலேறிப் போனார்கள். சிலருக்கு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. பல வருஷம் கழித்து ஒரு மாமா பார்க்க வந்தார், கையில் எச்.எம்.டி. காஞ்சன் ஆட்டோமெட்டிக். திரும்பிப் போகும்போது கழற்றி என் கையில் கட்டிவிட்டுப் போனார். சேர்க்கிறவர்கள் சந்தையில் அதற்குப் பெரிய விலை இல்லை. என்னிடம் இருப்பதில் அதைவிட மேலானது ஒன்றும் இல்லை. செக்கன் முள் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அதை நிமிர்த்தக்கூட விடமாட்டேன்.

கொட்டகலை மூடுபனி:

எல்லாருக்கும் நன்றி. முடிவு எடுத்துவிட்டேன். டயல் அப்படியே இருக்கும். கேஸுக்குப் பொலிஷ் இல்லை. மெஷினுக்கு முழு சேர்விஸ், பின்மூடிக்கும் சாவிக்கும் புது ரப்பர் வளையம். கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது, மேலே கையை வைத்தால் நகம் தட்டுகிறது. சீக்கோவின் ஒரிஜினல் ஹார்ட்லெக்ஸ் கண்ணாடி என்பதால் அதையும் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

கண்டி ஐயா, வேலையை நீங்களே பார்க்க முடியுமா? அப்புறம் செயினைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்கள். என்னுடையதிலும் மடிப்புக்குள் அழுக்கு நிறைய இருக்கிறது.

கண்டி மேசை லென்ஸ்:

பார்க்கலாம், சனிக்கிழமை கொண்டுவாருங்கள். பழைய ரப்பரை நீங்களே எடுத்துவிடாதீர்கள், அளவு பார்க்க எனக்கு வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்டிருந்தால் ஒரு பொலித்தீனில் போட்டுக் கொண்டுவாருங்கள். மெஷினைத் திறக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். முள் கழற்றும்போது டயலில் கீறல் விழாமல் மெல்லிய பிளாஸ்டிக் விரித்துத்தான் கழற்றுவேன். திருத்துகிறவர் யாராக இருந்தாலும் அதை நீங்கள் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

செயின் பழைய மடித்த தகட்டு வகை. கழற்றிய பிறகுதான் கழுவ வேண்டும், வாட்சோடு சேர்த்துத் தண்ணீரில் முக்கக்கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பல் பிரஷ். அப்புறம் துணியில் ஒற்றி, வெயில் படாத சூட்டில் முழுக்கக் காயவிடுங்கள். மடிப்புக்குள் ஈரம் நின்றால் உள்ளிருந்தே துரு வரும். மடிப்புகளை நிமிர்த்தி அழுக்கு எடுக்கப் பார்க்காதீர்கள், தகடு தளர்ந்துவிடும்.

டீமேக்கர் மகன் தம்பிக்கு: நீங்கள் கழுவ வேண்டாம். செயினைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, கட்டுவதற்கு வேறு ஒரு வார் போட்டுக்கொள்ளுங்கள். சீக்கோவின் அகலத்துக்கு 18 அல்லது 19 மில்லிமீற்றர் வரும், வாங்க முதல் அளந்து பாருங்கள்.

டீமேக்கர் மகன்:

அளந்தேன் ஐயா, 18. திசைகாட்டியும் பார்த்தேன், முள் நன்றாக ஆடுகிறது. காந்தம்தான். சனிக்கிழமை மூடுபனி அண்ணன் வரும்போது நானும் வரலாமா?

கண்டி மேசை லென்ஸ்:

தாராளமாக வாருங்கள். மத்தியானத்துக்கு முதல் வந்தால் நல்ல வெளிச்சம் இருக்கும்.